தலைவர் அடித்த விசில்

போன வாரம் நம் பள்ளித் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ அந்தப் பழைய புகைப்படத்தைப் போட்டார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக் களத்தில் மூன்று ஆண்கள் நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் ஒரு மாடல் விமானத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்தியிருக்கிறார். ‘விமானத்துக்காகத் தன் விசிலையே பறிகொடுத்த மாமனிதர்’ என்று கீழே ஒரு வரி. உடனே கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. அறுபதைத் தாண்டிய நமக்கு யாரைப் பார்த்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. முழங்கால் வலியைப் போல இதுவும் வயதின் கோளாறுதான்.

எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அந்தப் படத்தின் இடது ஓரத்தில் மரம் அறுக்கும் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என் அப்பா. நீங்கள் எல்லோரும் பேக்டரி மதில்மேல் ஏறி உட்கார்ந்து அவர்களுடைய விமானச் சங்கத்தைப் பார்த்தீர்கள். நான் அதன் எண்ணெயையும் நெடியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வளர்ந்தேன். அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

சங்கத்தில் மொத்தமே மூன்று பேர். தலைவர், அந்தச் சேகோ பேக்டரியின் முதலாளி. விமானம், எஞ்சின், களம் எல்லாம் அவருடையவை. என் அப்பா உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். இறக்கைகளை வரைந்து, மெல்லிய கட்டையில் அறுத்து, தாள் ஒட்டித் தருவது அவர் வேலை. மூன்றாமவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எஞ்சினுக்கு ஊற்ற மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் போதாது, மயக்க மருந்தாகிய ஈதரும் வேண்டும். அதைக் கொண்டுவருவது அவர். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆவியாகிவிட்டது என்று சொல்லிவிடுவாராம். ஈதர் ஆவியாவது உண்மைதானே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இட்லி வேகும் வாசனையோடு ஈதர் நெடியும் கலந்துகொள்ளும். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது எனக்குப் பசிக்கிறது. அந்தச் சங்கம் எனக்கு விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான்.

அந்த விமானங்கள் எங்கோ வானத்தில் பறந்துபோய்த் திரும்பி வந்தன என்பதுபோல் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை. இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வரும். அவை ஒரு கைப்பிடியில் முடியும். தலைவர் களத்தின் நடுவில் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பவுண்டர் விசிறியை விரலால் சுண்டிச் சுண்டி எஞ்சினைக் கிளப்பிவிடுவார். விமானம் தலைவரைச் சுற்றிச் சுற்றி வரும், தலைவரும் நடுவில் நின்று தன்னைத்தானே சுற்றிக்கொள்வார். செக்கில் மாடு சுற்றும், உரல் நிற்கும். இங்கே உரலும் சேர்ந்து சுற்றியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்கள் சுற்றி முடிக்கும்வரை, ஜவ்வரிசி காயப்போடும் பெண்கள் ஈரக் கூடைகளோடு கொட்டகை நிழலில் காத்திருப்பார்கள். வெயில் ஏறிப் பயனில்லாமல் போகும். கூடைகளில் மாவு புளிக்கத் தொடங்கும். அந்தப் புளித்த வாசனையைக் குறித்து ஒருத்தி முணுமுணுத்தால், “கலை நடக்கறப்ப பேசக்கூடாது” என்பார் தலைவர்.

விமானம் இறங்கியபின் கச்சேரி. கச்சேரிக்கு அந்தப் பெண்கள்தான் ரசிகர்கள். கைதட்டாமல் கூடையைத் தூக்க முடியாது. முதலில் அப்பா ரம்பத்தை முழங்காலுக்கு நடுவில் வைத்து வளைத்து, பிடில் வில்லால் அதன் முதுகைத் தேய்ப்பார். கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனைக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்ததுபோல் ஒரு சத்தம் வரும். அடுத்து கம்பவுண்டர். லோடு லாரி ஏற்காட்டு மலை ஏறுவதை வாயாலேயே செய்வார். வளைவுக்கு வளைவு கியர் மாறும், ஏர் ஹாரன் அலறும், கடைசியில் டயர் பஞ்சராகும். அதன்பிறகு ஒரு கோழி முட்டையிடும். நேர்மையாகச் சொல்வதென்றால் அவர் ஒருவருக்குத்தான் வித்தை கைவந்திருந்தது. அதனால் அவர் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை.

கடைசியாகத் தலைவரின் விசில். கண்ணை மூடி, இடது கையை மார்பில் வைத்து, சினிமாப் பாட்டுகளை அடிப்பார். கீழே நன்றாகத்தான் போகும். மேலே ஏறும்போது சுருதி வழுக்கும். வழுக்கும் இடத்தில் தலையை ஆட்டி, அது வேண்டுமென்றே செய்த சங்கதி என்று காட்டிவிடுவார். “நம்ம தலைவருக்கு நாக்குலயே சரஸ்வதி” என்பார் அப்பா. வாரம் தவறாமல் சொல்வார். தன் மனைவியை மட்டும், “அவளுக்கு ரசனை பத்தாது” என்பார். அம்மா ஒருநாளும் களத்துக்கு வந்ததில்லை.

இப்போது அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. இளம்பிள்ளை என்ற ஊரில் ஒரு நெசவுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். காரணம், விசிலடித்தாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து அடித்திருக்கிறாள். மாமியார் காதில் விழுந்துவிட்டது. குடும்பப் பெண் செய்கிற காரியமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா அதற்குத் தலைகுனிந்தார். ஞாயிறுதோறும் ஒரு ஆணின் விசிலுக்குக் கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்த அதே அப்பா. அத்தை பின்கட்டில் நூல் சுற்றும்போது தன்னை மறந்து ஒரு வரி அடித்துவிட்டால், முன்னறையிலிருந்து குரல் வரும். “அம்மிணி, வாயைக் கட்டு.” ராட்டை ஒரு நொடி நிற்கும். பிறகு ராட்டை மட்டும் ஓடும்.

எனக்குப் பத்து வயது. தலைவரின் விசிலையும் அத்தையின் விசிலையும் கேட்டவள் என்பதால் எது சங்கீதம் என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. தலைவர் பாட்டை ஏணி வைத்து ஏறுவார். அத்தை எங்கே ஏறினாள், எப்போது இறங்கினாள் என்றே தெரியாது. பாட்டு அவள் உதட்டுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளித் தானாக நிற்கும்.

அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்குச் சங்கத்தின் நிகழ்ச்சி என்று முடிவாயிற்று. பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. ஊர் முழுக்கச் சுவரொட்டி. முதலில் மேடையில் தலைவரின் விசில் இசை, பிறகு மைதானத்தில் தலைவரின் விமானம். மற்ற இருவர் பெயரும் பொடி எழுத்தில் இருந்தது. அப்பா அதையே நாலு தடவை படித்துக் காட்டினார்.

பண்டிகைக்குச் சில நாட்கள் இருக்கும்போது பேக்டரிக் கொட்டகையில் எஞ்சினைச் சோதித்தார்கள். நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோயிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியில்லை என்று கம்பவுண்டர் சொன்னார். தலைவருக்குக் கோபம். “எனக்கில்லாத காதா உமக்கு?” என்று குனிந்து முகத்தை விசிறிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விசிறி உடைந்து ஒரு துண்டு பறந்தது. தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். கையை எடுத்தபோது மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. மீசைக்கடியில் உதடு பிளந்திருந்தது. ஜவ்வரிசிக் கூடை ஒன்றில் ரத்தம் தெறித்தது. அந்தக் கூடையை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யாராவது பாயசம் குடித்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். தலைவர் விசிலடித்துப் பார்த்தார். பல் போன வழியாகக் காற்று புஸ்ஸென்று போயிற்று. பண்டிகையை நிறுத்தச் சொன்னால் மானம் போகும், அதிகாரி என்ன நினைப்பார் என்று தலைவர் கிட்டத்தட்ட அழுதார். அப்பா உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“அம்மிணி, இங்க வா.”

அத்தை கதவோரம் வந்து நின்றாள்.

“தலைவருக்கு ஒடம்பு சொகமில்ல. பண்டிகையன்னிக்குப் படுதாவுக்குப் பின்னால உக்காந்து நீ விசிலடிக்கோணும். அவரு முன்னால நின்னு வாயசைச்சுக்குவாரு. வெளிய ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “இத்தன நாளா வாயைக் கட்டு, வாயைக் கட்டுன்னாங்க. இப்ப வாயைத் தொறங்கறாங்க. ஆம்பளைங்க வாய்க்குத் தகுந்தாப்புல நம்ம வாயி.”

“நீ சித்த சும்மா இரு” என்றார் அப்பா.

அத்தை தலைவரைப் பார்த்துக் கேட்டாள். “அடிக்கறனுங்க. ஆனா ஒண்ணு. அன்னிக்கு அந்த ஏரோப்பிளேன ஒருக்கா நான் சுத்தோணும். கைப்பிடி என்ற கைல இருக்கோணும்.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் தலைவர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, “அதுக்கென்ன அம்மிணி, தாராளமா” என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அத்தைக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பண்டிகையன்று பலகை மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, அதற்கு முன்னால் நீலப் படுதா. தார்ப்பாய்க்கும் படுதாவுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம். வெயிலில் அது அடுப்பாகக் கொதித்தது. அத்தை ஒரு மைக்கின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில். மேடையில் தலைவருக்கு முன்னால் இருந்த மைக் செத்த மைக். அதைக் கம்பவுண்டர் பார்த்துக்கொண்டார். படுதாவின் கிழிசல் வழியாக எனக்குத் தலைவரின் பட்டுச் சட்டை முதுகும் அதற்கப்பால் கூட்டமும் தெரிந்தன.

அப்பா ரம்பத்தைத் தேய்த்தார். அத்தை அடிக்கத் தொடங்கினாள்.

கூட்டத்தில் கடலை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். ராட்டினத்துக்காக அழுத குழந்தை ஒன்று அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் பலகை அதிர்ந்தது. “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று கத்தினார்கள்.

ஒரு பாட்டுத்தான் ஏற்பாடு. தலைவரின் முதுகு விறைத்தது. அத்தை ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். எனக்குத் தெரியாத எதையோ தொடங்கினாள். சினிமாப் பாட்டில்லை, சாமி பாட்டில்லை. அப்பாவின் ரம்பம் இரண்டு இடத்தில் துரத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. எப்போது நிற்கும் என்று தெரியாமல் தலைவர் உதட்டைக் குவித்துக்கொண்டே நின்றார். வேர்வை சட்டையின் முதுகில் இறங்கி இடுப்புவரை வந்தது. அத்தைக்குச் சேர வேண்டிய வெயில் கொஞ்சம் அவருக்கும் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

முடிந்தபோது அதிகாரியே எழுந்து வந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். “இப்படி ஒரு விசிலை நான் கேட்டதே இல்லை” என்றார். அது உண்மை. தலைவர் கண்ணை மூடி, மார்பில் கை வைத்துக் குனிந்தார். வாயைத் திறக்க முடியாதல்லவா, அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் கண்ணில் உண்மையாகவே நீர் வந்தது. யாருக்காக வந்தது என்று நான் பிற்காலத்தில் கேட்டதில்லை. பதில் எனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

அங்கிருந்து எல்லோரும் பள்ளி மைதானத்துக்குப் போனோம். சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். தலைவர் நடுவில் போய்க் கைப்பிடியை எடுத்தபோது அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

“என்ற கைல குடுங்க” என்றாள்.

தலைவர் சிரிக்காமல் சிரித்தார். “பொம்பளைக்குத் தலை சுத்தும் அம்மிணி. பொறவொரு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அப்பா ஓடிவந்தார். “ஊரே பாக்குது. பேசாத ஊடு போ.”

“சொன்னீங்கள்ல?”

“சொன்னா? எடம் பொருள் தெரிய வேண்டாமா? போ அம்மிணி.”

அத்தை போகவில்லை. தலைவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, சற்றுமுன் மேடையில் அடித்த பாட்டின் முதல் வரியை மெதுவாக அடித்தாள். அந்த மூன்று பேருக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி. அந்த வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு மூச்சிழுத்தாள். அந்த மூச்சு பெரிய மூச்சாக இருந்தது.

தலைவரின் முகம் ஜவ்வரிசி நிறமாயிற்று. “புடி அம்மிணி, புடி” என்று கைப்பிடியை அவளிடம் கிட்டத்தட்ட எறிந்தார்.

உடனே கம்பவுண்டர் மைக்கைப் பிடித்தார். “பெண்குலத்தைப் பெருமைப்படுத்த, நமது தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு…” கூட்டம் தலைவருக்காகக் கைதட்டியது. இதையும் அவருக்கே தட்டினார்கள். நீங்களும் தட்டியிருப்பீர்கள்.

நாங்கள் வட்டத்துக்கு வெளியே ஒதுங்கியதும் கம்பவுண்டர் விசிறியைச் சுண்டினார். எஞ்சின் இரைந்தது. விமானம் ஓடி, எழும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறப் பார்த்தது. கூட்டம் ஓவென்றது. “மணிக்கட்டைக் கீழ, கீழ!” என்று அப்பா கத்தினார். அத்தை கீழே இறக்கினாள், விமானம் தரையை உரசிப் புழுதி கிளப்பியது. மறுபடி மேலே. மறுபடி கீழே. இரண்டு மூன்று சுற்றுக்கு அது குடிகாரன்போல் போயிற்று. பிறகு அவளுக்குப் பிடிபட்டது. எப்படி என்று எனக்குத் தெரியாது. கம்பி இரண்டும் விறைத்து, விமானம் அவள் தோள் உயரத்தில் ஒரே மட்டத்தில் சுற்ற ஆரம்பித்தது. அத்தையும் சுற்றினாள். முந்தானை விமானத்தின் பின்னால் ஓடியது. அவள் முகம் வட்டத்தில் வந்து வந்து போகும் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்திருந்தது. விசிலடித்தாளா, சிரித்தாளா, கத்தினாளா என்று எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. விமானம் தரையில் மோதித் துள்ளி, விசிறி உடைந்தது. அத்தை தலைசுற்றித் தொப்பென்று புழுதியில் உட்கார்ந்தாள். அப்படியே மல்லாந்து படுத்துச் சிரித்தாள். அத்தனை ஆட்களுக்கு நடுவில், மைதானத்தில், வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். அன்று இரவுக்குள் ஊரே அதைச் சொன்னது.

தலைவர் பற்கள் போன விஷயத்தைப் பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வெளியிட்டார். அடுத்த விமானத்தைச் சோதிக்கும்போது நேற்றுத்தான் அடிபட்டது என்று. விசில் போய்விட்டது, பரவாயில்லை, விமானக் கலைக்கு என் காணிக்கை என்று. ஊர் கண்ணீர் விட்டது. குழுவில் நீங்கள் கும்பிட்ட வரி அங்கேதான் பிறந்தது. அப்பா அதை மறுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பள்ளி விழாக்களில் ரம்பத்தோடு போய், ‘தலைவரோடு மேடையேறியவன்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

இளம்பிள்ளையிலிருந்து அத்தையின் புருஷன் வீட்டார் பேச வந்தார்கள். மைதானத்துச் செய்தி அவர்களுக்கும் போயிருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பெரிய மனிதராக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? தலைவரை. அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, “புள்ளைக்கு மனசு சரியில்லீங்க. கொஞ்சநா கோயில்ல வெச்சிருந்தாச் சரியாப்போயிரும்” என்றார். அப்பா தலையாட்டினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையை மட்டும் ஆட்டினார்.

அத்தை கதவோரத்திலிருந்து, “எனக்கு நெம்பச் சரியா இருக்குதுங்க. நான் கோயிலுக்கும் போகல, இளம்பிள்ளைக்கும் போகல. ஆத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போறன்” என்றாள். யார் சேர்த்துவிட்டார்கள் என்று கத்தினார் அப்பா. தலைவரோடு வந்திருந்த கம்பவுண்டர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்கள் விடுதியில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த மூன்று பேரில் ஒருவரை மட்டும் முழுதாக வெறுக்க முடியாமல் போனது இதனால்தான். அத்தை அங்கே கடைசிவரை இருந்தாள். அந்த விடுதிப் பெண்கள் விசிலடிப்பதில் கெட்டிக்காரிகள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் கிளம்பிய காலையில் அப்பா முன்னறையில் எதற்கோ தாளை நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அம்மா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பஸ் வர நேரமாயிற்று. புளியமரத்தடியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அம்மா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

“அதை எப்படி அடிக்கறது? எனக்கும் சொல்லிக்குடு” என்றாள்.

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். “நெசமாவாங்க அண்ணி?”

“சொல்லிக்குடுன்னா.”

“நாக்கைக் கீழ்ப்பல்லு மேல வெச்சுக்கங்க. உதட்டை இப்பிடி. நெம்ப இறுக்காதீங்க. இப்ப ஊதுங்க.”

அம்மா ஊதினாள். காற்று வந்தது. அத்தை விரலால் அம்மாவின் கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தாள். மறுபடி காற்றுத்தான் வந்தது. இருவரும் சிரித்தார்கள். ரசனை இல்லாதவள் என்று பெயரெடுத்த என் அம்மா, நடுரோட்டில், கன்னம் அழுந்த நின்று சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. “போயிட்டு வாரனுங்க அண்ணி. வாரன் கண்ணு” என்று ஏறிக்கொண்டாள் அத்தை. பஸ் நகர்ந்தது. நான் கையாட்டினேன். அம்மா கையாட்டவில்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு, பஸ் வளைவில் திரும்பி, புழுதி அடங்கியபிறகும், விடாமல் ஊதிக்கொண்டே நின்றாள்.